டோலமைட் மலைகளில் முதல் உலகப் போர் முனையைச் சுற்றி: ஒருநாள் பனிச்சறுக்குப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

வட இத்தாலியின் டோலமைட் மலைகளுக்கு நடுவே கோல் தி லானா என்றொரு மலை இருக்கிறது. உயரம் 2452 மீட்டர். சுற்றியிருக்கும் சிகரங்களோடு பார்த்தால் குள்ளம்தான். அதன் உச்சி நடுவில் குழிந்து இரட்டை மேடாகத் தெரியும். 1916 ஏப்ரல் 17 இரவு, இத்தாலியப் படையினர் உச்சிக்கு அடியில் சுரங்கம் குடைந்து, ஏறக்குறைய 5 டன் வெடிமருந்தை நிரப்பி, மேலே இருந்த ஆஸ்திரியப் படையோடு சேர்த்து அதைத் தகர்த்தார்கள். அந்தக் குழிவு அப்போது விழுந்தது.

இந்த மலையை நடுவில் வைத்து, அன்றைய போர்முனையை ஒட்டியே ஒரு பனிச்சறுக்குச் சுற்றுப்பாதை அமைந்திருக்கிறது. இத்தாலியர் இதைப் ‘பெரும்போர்ச் சுற்று’ என்கிறார்கள். சறுக்குதடங்கள், லிஃப்டுகள், பேருந்துகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 80 கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்குள் திரும்பிவிடலாம். பலரும் இதைப் பாதியில் விட்டுத் திரும்பக் காரணம் சரிவுகளின் கடினம் அல்ல. நடுவில் வரும் மூன்று சாலைப் பயணங்களும், மதியத்துக்கு மேல் வரும் மர்மொலாதா மலையின் கேபிள் காரும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அதனால் இந்த வழிகாட்டியில் நேரக்கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

யார் போகலாம்

இத்தாலியில் சறுக்குதடங்களுக்கு மூன்று நிறங்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இந்தச் சுற்றில் பெரும்பகுதி சிவப்பு. இரண்டு ஸ்கீகளையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரிய வேண்டும். கெட்டிப்பட்ட பனியிலும் நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். நான்கு கிலோமீட்டர் சிவப்புத் தடத்தை இரண்டு மூன்று நிறுத்தங்களோடு இறங்க முடிகிறவர்களுக்கு இது ஏற்ற பயணம். குல்மார்க்கிலோ ஆவுலியிலோ ஒரு வாரம் கற்றுக்கொண்டு, இன்னும் ‘வி’ வடிவத்தில் பிரேக் போட்டு இறங்குகிறவர்கள் இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது நல்லது. அப்படி இறங்கினால் தொடைத் தசைகள் நண்பகலுக்குள் சோர்ந்துவிடும். மர்மொலாதாவின் 12 கிலோமீட்டர் இறக்கமோ மதியத்துக்கு மேல்தான் வருகிறது.

ஸ்னோபோர்டில் வருகிறவர்களும் செய்யலாம். ஆனால் பிரலோஞ்சா மேட்டுநிலம் போன்ற சமதளங்களில் ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஸ்கீ வைத்திருக்கும் நண்பர் கூட வந்தால் அவருடைய கோலைப் பிடித்துக்கொள்ளலாம்.

எப்போது, எங்கே தங்குவது

டிசம்பர் பின்பாதியிலிருந்து மார்ச் முடிய. டிசம்பர் தொடக்கத்தில் எல்லாத் தொடர்புகளும் திறந்திருக்காது. ஏப்ரலில் தாழ்வான இடங்களில், குறிப்பாக அல்லேகே பக்கம், பனி மதியமே கூழாகிவிடும். ஜனவரியில் கூட்டம் குறைவு, பனி கெட்டி. ஆனால் பகல் குறுகியது, மேலே குளிர் கடுமை. பகலும் நீண்டு பனியும் தாங்குவது மார்ச் முதல் பாதியில்தான்.

தங்க ஏற்ற ஊர்கள் பாதியா பள்ளத்தாக்கின் சான் காசியானோவும் கோர்வாராவும். சான் காசியானோவில் தங்கினால் காலையில் நேராகப் பேருந்தைப் பிடிக்கலாம். கோர்வாராவிலிருந்து கிளம்பினால் சறுக்கியே அங்கு வந்துசேர ஒரு மணி நேரம் பிடிக்கும். பதிலாக மாலையில் வீட்டு வாசலில் பயணம் முடியும். காலை நேரம்தான் இங்கே விலை உயர்ந்தது என்பதால் நாங்கள் சான் காசியானோவையே பரிந்துரைக்கிறோம். தெற்கு ஜெர்மனியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு இன்ஸ்புருக், பிரென்னர் வழி வசதி. விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்ஸ்புருக் அருகில் இருக்கிறது. வெனிஸுக்கு விமானங்கள் அதிகம்.

முந்தைய நாள் முடிக்க வேண்டியவை

ஸ்கீ பாஸ்: ‘டோலமைட்டி சூப்பர்ஸ்கீ’ என்ற பொதுப் பாஸ்தான் வேண்டும். பன்னிரண்டு பள்ளத்தாக்குகள், 1200 கிலோமீட்டர் தடங்களுக்கு அது செல்லும். அதைவிட மலிவாக ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் செல்லும் பாஸும் அதே கவுண்டரில் கிடைக்கும். அதை வாங்கியவர்களுக்குச் சுற்றின் முதல் மலையான லகட்சுவோயின் கேபிள் கார் வாசலில்தான் தகவல் தெரியவரும். வாங்கும்போதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

காப்பீடு: 2022 ஜனவரி 1 முதல் இத்தாலியின் தடங்களில் சறுக்குகிறவர்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். பயணக் காப்பீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸோடு சேர்த்து நாள்கணக்கில் வாங்கிவிடலாம். இந்தியாவில் விற்கும் பல பயணக் காப்பீடுகள் பனிச்சறுக்கை ‘சாகச விளையாட்டு’ என்று தனியே ஒதுக்கிவைக்கும். சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டும். ஹெல்மெட்டையும் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

பூட்ஸ்: வாடகைக்கு எடுப்பதானால் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக எடுத்து, பக்கத்துத் தடங்களில் போட்டுப் பாருங்கள். நேராக நிற்கும்போது கால்விரல் முனை லேசாக முட்ட வேண்டும். முழங்காலை மடித்து முன்சாய்ந்தால் முட்டக் கூடாது. ‘வசதியாக இருக்கிறதே’ என்று ஓர் அளவு பெரிதாக எடுத்தால் உள்ளே கால் வழுக்கும், கணுக்காலுக்கு மேலே எலும்பில் அடிபடும், பத்து மணிக்குள் நடக்க முடியாமல் போகும். காலுறை ஒரே ஒரு ஜோடி, மெல்லிய கம்பளியில். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டால் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும்.

ஸ்கீ: நடுப்பகுதி 75 முதல் 85 மில்லிமீட்டர் அகலமுள்ளது போதும், முழுநாளும் சீரமைக்கப்பட்ட தடங்கள்தான். ஓரங்களைத் தீட்டித் தரச்சொல்லுங்கள். காலை நேர லகட்சுவோய் தடம் பல நாள்களில் கண்ணாடிபோல் இருக்கும். பூட்ஸைப் பிடித்து வைக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடிநீளம் ஆகியவற்றைக் கேட்டுத்தான் அமைக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அவசியமில்லாத நேரத்தில் ஸ்கீ கழன்றுவிடும். திறனைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகும்.

பை: 15 முதல் 20 லிட்டர். உள்ளே ஒரு லிட்டர் வெந்நீர் பிளாஸ்க், கொறிக்க ஏதாவது, மெல்லிய இறகு ஜாக்கெட், உள் கையுறை ஒரு ஜோடி, மங்கல் வெளிச்சத்துக்கான இரண்டாவது கண்ணாடி, 50 எஸ்பிஎஃப் சன் கிரீம், அடையாள அட்டை. பவர் பேங்கைப் பையில் வைக்காமல் மார்புப் பக்க உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி இறங்கிவிடும். சில்லறை யூரோ கட்டாயம். இடைவழிப் பேருந்துகளும் பகிர்வு டாக்சிகளும் ஸ்கீ பாஸில் அடங்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பூட்ஸின் அடியில் மாட்டும் ரப்பர் உறை சிறிய செலவுதான். மூன்று பேருந்து நிறுத்தங்களில் தார்ச்சாலையில் நடக்கும்போது அதன் அருமை தெரியும்.

கடைசியாக வானிலை. பனிப்பொழிவைவிடக் காற்றைப் பாருங்கள். லகட்சுவோயும் மர்மொலாதாவும் நீண்ட கம்பியில் தொங்கும் பெரிய கேபிள் கார்கள். பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள். பெரும்பனி பெய்தபின் பனிச்சரிவு அபாயத்தால் வல்பரோலா, ஜியாவ் கணவாய்ச் சாலைகளை மூடுவதுண்டு. சாலை மூடினால் பேருந்து இல்லை, பேருந்து இல்லையென்றால் சுற்று இல்லை. இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் பாருங்கள்.

எந்தத் திசை

இரு திசையிலும் போகலாம். மர்மொலாதாவைக் காலையிலேயே முடித்துவிட்டு, தாமதமானால் கடைசியில் ஃபல்சாரேகோ கணவாயிலிருந்து சாலைவழி வீடு திரும்பலாம் என்பது இடஞ்சுழியின் நன்மை. ஆனாலும் நாங்கள் வலஞ்சுழிக்கே வாக்களிப்போம். லகட்சுவோயின் தென்சுவரில் காலை வெயில் படும்போதுதான் போர்க்காலக் குகைவாய்கள் கண்ணுக்குத் தெரியும். மர்மொலாதாவின் பனியாறு வடக்கே பார்த்தது. மதியத்துக்குப் பிறகும் பனி கெடாது. இதற்கு ஈடாக, பின்வரும் நேர எல்லைகளை மதிக்க வேண்டும். அவை எங்கள் கணக்கில் பாதுகாப்பானவை. அன்றைய கடைசி லிஃப்ட் நேரம் என்ன என்பதை ஒவ்வொரு நிலையத்துப் பலகையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: அர்மெந்தரோலாவிலிருந்து ஃபல்சாரேகோ (8:30 – 9:00)

சான் காசியானோவை அடுத்த அர்மெந்தரோலாவில் பேருந்தோ பகிர்வு டாக்சியோ ஏறினால் வல்பரோலா கணவாய் வழியே இருபது நிமிடம். கணவாயைத் தாண்டியதும் சதுரமான, உடைந்த கற்கட்டடம் தெரியும்: திரே சாசி கோட்டை. ஆஸ்திரியர்கள் 1897இல் கட்டத் தொடங்கியது. 1915 ஜூலை 5 அன்று இத்தாலியக் குண்டுகள் கூரையைத் துளைத்தன. அதன்பின் ஆஸ்திரியர்கள் அங்கிருந்து விலகி, ஆள் இருப்பதுபோல் பாசாங்கு மட்டும் காட்டினார்கள். எதிரே நிற்கும் கூம்பு சாசோ தி ஸ்திரியா, 2477 மீட்டர், அவர்களுடைய கண்காணிப்புக் கோபுரம்.

இங்கே ஏன் போர் என்பதை இந்த இருபது நிமிடத்தில் புரிந்துகொண்டால் மிச்ச நாள் முழுதும் மலைகள் தாமே பேசும். 1915 மே மாதம் இத்தாலி, ஆஸ்திரிய-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. நீங்கள் தங்கியிருக்கும் பள்ளத்தாக்கும், அந்தப் பக்கம் கோர்த்தினா ஊரும் அன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்தவை. கோர்த்தினாவைக் காக்க முடியாது என்று ஆஸ்திரியர்கள் பின்வாங்கி, லகட்சுவோய், சாசோ தி ஸ்திரியா, கோல் தி லானா, மர்மொலாதா என்று ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வரிசை உடைந்தால் பாதியா பள்ளத்தாக்கு வழியே வடக்கே இறங்கி, படைக்கு உணவும் குண்டும் கொண்டுவரும் புஸ்தேர் பள்ளத்தாக்கு ரயில்பாதையை இத்தாலி அடைந்துவிடும். அதனால்தான் ஒரு பாறைத் திட்டுக்காக இரண்டரை ஆண்டு சண்டை. இங்கு வாழ்ந்த லதீன் மொழி (லத்தீன் அல்ல, இந்தப் பள்ளத்தாக்குகளின் சிறு மொழி) மக்களின் ஆண்களில் பலர் ஏற்கெனவே ஆஸ்திரியப் படையில் சேர்ந்து கிழக்குமுனைக்குப் போயிருந்தார்கள். ஊரைக் காக்க முதலில் நின்றவர்களில் சிறுவர்களும் முதியவர்களும் அதிகம்.

படி 2: லகட்சுவோய் (9:00 – 10:00)

ஃபல்சாரேகோ கணவாய் 2105 மீட்டர். கேபிள் கார் மூன்றே நிமிடத்தில் 2752 மீட்டருக்குத் தூக்கிச் செல்லும். இடையில் தூண் இல்லை. சன்னல் ஓரம் பிடித்து எதிரே பாறைச்சுவரைப் பாருங்கள். நடுவே படுக்கைக்கோடாக ஓடும் திட்டு தெரிகிறதா? அதுதான் மார்த்தினித் திட்டு. 1915 அக்டோபரில் கேப்டன் எத்தோரே மார்த்தினியின் வீரர்கள் இரவோடு இரவாக ஏறி அதைப் பிடித்தார்கள். உச்சியில் ஆஸ்திரியர், நடுவயிற்றில் இத்தாலியர். மேலிருந்து உருட்டிய குண்டுகளால் அவர்களை விரட்ட முடியவில்லை. அதனால் இரு தரப்பும் பாறைக்குள் குடையத் தொடங்கின.

1917 ஜனவரி 14 அன்று ஆஸ்திரியர் 16 டன் வெடிமருந்தை வெடித்தார்கள். மே 22 அன்று 30 டன்னுக்கும் மேல். இத்தாலியர் ஜூன் 20 அன்று கீழிருந்து உச்சி நோக்கி 33 டன் வைத்துத் திருப்பியடித்தார்கள். சுவரின் அடியில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் கற்குவியல் பெரும்பாலும் இந்த வெடிப்புகளில் சரிந்ததுதான். பனி மூடியிருந்தாலும் அந்தச் சாய்வு எடுப்பாகத் தெரியும். இத்தனை செய்தும் முனை நகரவில்லை. 1917 அக்டோபர் கடைசியில், கிழக்கே தொலைவில் நடந்த காப்போரெத்தோ போரில் இத்தாலியப் படை உடைந்தபோது, இங்கே தோற்காதவர்களும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மேலே பதினைந்து நிமிடம் போதும். மொட்டைமாடியிலிருந்து தெற்கே பாருங்கள். இன்று நீங்கள் சுற்றப்போகும் வட்டம் முழுதும் தெரியும்: அவெராவ், பெல்மோ, சிவெத்தா, மர்மொலாதா, நடுவே கோல் தி லானாவின் உடைந்த தலை. இத்தாலியர் தோண்டிய சுரங்கம் கோடையில் நடந்து இறங்குவதற்கானது. குளிர்காலத்தில் ஸ்கீ பூட்ஸோடு அதற்குள் நுழையும் யோசனையே வேண்டாம், படிகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும்.

இனி, இந்தச் சுற்றில் மிக அதிகம் பேர் வழிதவறும் இடம். உச்சியிலிருந்து முதல் சரிவு இறங்கியதும் வரும் சேணத்தில் (இரு முகடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வில்) தடம் பிரியும். இடப்பக்கம் அர்மெந்தரோலா, வலப்பக்கம் ஃபல்சாரேகோ. அழகாக இருக்கிறதே என்று முன்னால் போகிறவர் பின்னால் இடப்பக்கம் போனால், எட்டரை கிலோமீட்டர் இறங்கி, காலையில் பேருந்து ஏறிய இடத்துக்கே திரும்புவீர்கள். அன்றைய சுற்று அத்தோடு முடிந்தது. சேணத்தில் நின்று, பலகையில் ஃபல்சாரேகோ அல்லது சிங்க்வே தோர்ரி என்ற பெயரைப் பார்த்த பிறகே இறங்குங்கள். குழுவாக வந்தால் எல்லோரும் கூடும் முதல் இடம் இதுவாக இருக்கட்டும்.

படி 3: சிங்க்வே தோர்ரி, அவெராவ், ஃபெதாரே (10:00 – 11:15)

ஃபல்சாரேகோவைத் தாண்டிக் கோல் கல்லீனா வரை இறங்கி, சாலைக்கு மறுபுறம் கிரோடா நேக்ரா நாற்காலி லிஃப்டில் ஏறுங்கள். மறுபக்கம் இறங்கினால் ஐந்து பாறைக் கோபுரங்கள் அடுக்கி நிற்கும் சிங்க்வே தோர்ரி. இத்தாலியப் பீரங்கிப்படை இங்கிருந்துதான் லகட்சுவோயையும் சாசோ தி ஸ்திரியாவையும் குறிவைத்தது. பதுங்குகுழிகளைச் சீரமைத்துத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மரப்பலகை வேய்ந்த கண்காணிப்புக் குழிக்குள் நின்று பார்வைத்துளை வழியே பார்த்தால், சற்றுமுன் நீங்கள் நின்ற லகட்சுவோய் உச்சி நேர்எதிரே இருக்கும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். இதற்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் மர்மொலாதா அருங்காட்சியகத்துக்கு நேரம் இராது. இரண்டையும் நின்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் இரண்டையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டுக் கடைசி லிஃப்டைத் தவறவிடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இங்கே நில்லுங்கள், மேகமூட்டமென்றால் மர்மொலாதாவின் கூரைக்குள் நில்லுங்கள். பனியில் புதைந்த பதுங்குகுழிப் பாதையில் ஸ்கீயைக் கழற்றி வெளியே நட்டுவிட்டு, பூட்ஸின் மேல் இரண்டு கொக்கிகளைத் தளர்த்தி நடங்கள். மீண்டும் இறங்கும் முன் இறுக்க மறக்காதீர்கள்.

பிறகு அவெராவ் லிஃப்ட். மேலே 2413 மீட்டரில் அவெராவ் உணவகம், சாப்பாட்டுக்குப் பேர்பெற்றது. ஆனால் பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பன்னிரண்டரை ஆகும். எஸ்பிரெஸோவோடு நிறுத்திக்கொண்டு, ஜியாவ் கணவாய்ப் பக்கமாக ஃபெதாரேவுக்கு இறங்குங்கள். தெற்கு நோக்கிய அகலமான சரிவு. வெயில் பட்டு இந்நேரம் இளகியிருக்கும், சுகமான இறக்கம்.

நேர எல்லை: ஃபெதாரே பேருந்தில் 12 மணிக்குள் ஏறியிருக்க வேண்டும். தவறினால் முன்னே போகாதீர்கள். அவெராவுக்கே திரும்பி ஏறி, வந்த வழியே லகட்சுவோய் போய், அர்மெந்தரோலா இறங்கி வீடு சேருங்கள்.

படி 4: பெஸ்குல், ஃபெர்தாட்சா, அல்லேகே (11:45 – 12:45)

பேருந்து செல்வா தி காதோரே வழியே பெஸ்குலில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபெர்தாட்சா மேட்டுக்கு லிஃப்ட். போர் வரலாறு இந்தப் பகுதியில் குறைவு, இது முனைக்குப் பின்னால் இருந்த இத்தாலியப் பக்கம். பார்க்க வேண்டியது மலையைத்தான்: ஒருபுறம் பெல்மோ, 3168 மீட்டர், மறுபுறம் சிவெத்தா, 3220 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் வடமேற்குச் சுவரோடு. மேட்டிலிருந்து அல்லேகே என்ற பலகைகளைப் பிடித்துக்கொண்டு பியானி தி பெத்சே வந்து, மூடிய கேபின் லிஃப்டில் ஊருக்குள் இறங்குங்கள். கீழே தெரியும் ஏரி 1771 ஜனவரியில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டானது.

சாப்பாடு இங்கேயே, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கையில் வைத்து உண்ணக்கூடியதாக. மர்மொலாதா மேலே போய்ச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 5: மர்மொலாதா (13:15 – 15:00)

அல்லேகேயிலிருந்து மல்கா சாப்பெலாவுக்குப் பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். வழியில் மலைச்சரிவுகளில் காடு திட்டுத்திட்டாக வழித்தெடுத்ததுபோல் இருக்கும். 2018 அக்டோபர் கடைசியில் அடித்த வாயா புயல் மரங்களைச் சாய்த்த இடங்கள் அவை.

ஏறுவதற்கு முன் நிலையத்து ஊழியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உச்சிப் பிரிவு ஓடுகிறதா? வீடு திரும்பும் வழியிலுள்ள அரப்பா ஊருக்குப் போக, பாதோன் கணவாய்க்கு ஏறும் லிஃப்ட் இன்று எங்கிருந்து, எத்தனை மணி வரை? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் மேலே போகாதீர்கள். 14:30க்கு மேல் ஆகிவிட்டால் போகவே வேண்டாம்.

கேபிள் கார் மூன்று கட்டமாக 1446 மீட்டரிலிருந்து 3265 மீட்டர் உயரத்து புந்தா ரோக்காவுக்கு ஏறுகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் 1800 மீட்டர். சிலருக்கு லேசான தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக நடங்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் ஓய்வெடுப்பதைவிட இறங்குவதே மருந்து. வெப்பநிலை கீழே இருந்ததைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும். இறகு ஜாக்கெட்டை மேலே போய் எடுக்காமல் கேபிள் காருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம் முடியும் செராவுதா நிலையத்தில், 2950 மீட்டரில், பெரும்போர் அருங்காட்சியகம் இருக்கிறது. முப்பது நிமிடம் ஒதுக்கலாம். இந்த முகட்டை இத்தாலியர் பிடித்து வைத்திருந்தார்கள். கீழே விரியும் பனியாறு ஆஸ்திரியர் கையில். திறந்த பனியில் நடந்தால் மேலிருந்து சுடுவார்கள் என்பதால், லியோ ஹாண்டில் என்ற பொறியாளர் பனியாற்றுக்குள்ளேயே குடைந்து ஒரு நகரத்தை அமைத்தார். படுக்கும் அறைகள், சமையலறை, கிடங்கு, மருத்துவ அறை என்று சுமார் 12 கிலோமீட்டர் சுரங்கம். வெளியே உறைநிலைக்கு வெகு கீழே இருந்தபோது உள்ளே பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது. கூரை தாழ்ந்து சுவர் நெருக்க, திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த நகரம் இன்று இல்லை. பனியாறு சுருங்கச் சுருங்க, அதன் பலகைகளும் இரும்பும் துணியும் வெளியே வருகின்றன.

இன்னொரு செய்தியைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1916 டிசம்பரில் கடும்பனி. கிரான் போஸ் என்ற இடத்திலிருந்த ஆஸ்திரிய முகாம், குண்டுவீச்சுக்கு எட்டாத பாறை மறைவில் இருந்தது; ஆனால் பனிச்சரிவின் நேர்வழியில். கேப்டன் ருடோல்ஃப் ஷ்மித் இடம்மாற்ற அனுமதி கேட்டு எழுதினார், மேலிடம் மறுத்தது. டிசம்பர் 13 அதிகாலை பனி சரிந்து, சுமார் 270 பேர் உறக்கத்திலேயே புதைந்தார்கள். இந்த மலை இன்றும் அமைதியானது அல்ல: 2022 ஜூலை 3 அன்று புந்தா ரோக்காவுக்குக் கீழே பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து 11 பேர் இறந்தார்கள். அது கோடை வெப்பத்தில் நடந்தது. குளிர்காலத்தில் ஆபத்து வேறு: தடத்துக்கு வெளியே மெல்லிய பனி மூடிய பிளவுகள். பக்கத்தில் புதுப்பனி எவ்வளவு கூப்பிட்டாலும் தடத்தின் ஓரக் கம்புகளைத் தாண்டாதீர்கள்.

இறக்கத்தின் பெயர் பெல்லுனேசே. முழுதும் இறங்கினால் 12 கிலோமீட்டர். முதல் சில நூறு மீட்டர் சாய்வு அதிகம், காற்று பனியை வாரிக்கொண்டு போய்க் கட்டியாக விட்டிருக்கும். அகலமான திருப்பங்களாக எடுங்கள். மூன்று நான்கு முறை தொடைக்கு ஓய்வு கொடுங்கள், தடத்தின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும் இடத்தில். கால் சோர்ந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி மூன்றிலொரு பங்கில்தான் விழுகிறார்கள். ஃபெதாயா கணவாய்ப் பகுதி நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, அரப்பா, பாதோன் என்ற பலகைகளைத் தேடுங்கள். ஓட்டத்திலேயே அடிவாரம் வரை போய்விட்டால் லிஃப்டைத் தவறவிட நேரும்.

நேர எல்லை: பாதோன் லிஃப்டில் 15:30.

படி 6: அரப்பா வழியே வீடு (15:30 – 16:30)

பாதோன் கணவாயிலிருந்து அரப்பாவுக்கு நீண்ட இறக்கம், வடக்கு நோக்கியது, மாலையில் நிழல் விழுந்து மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மங்கல் கண்ணாடியை மாற்ற வேண்டிய இடம் இது. அரப்பாவில் கோர்வாரா நோக்கி, செல்லாரோந்தா (செல்லா மலையைச் சுற்றிவரும் இன்னொரு சறுக்குச் சுற்று) சுற்றின் பச்சைப் பலகைகளைப் பிடியுங்கள். ஆரஞ்சு எதிர்த்திசை. கம்போலோங்கோ கணவாய் தாண்டும் லிஃப்டில் திரும்பிப் பார்த்தால் கோல் தி லானா மீண்டும் கிட்டத்தில் தெரியும். அந்தச் சுரங்கத்தை வகுத்தவர் ஜெலாசியோ கயெத்தானி என்ற பொறியாளர். வெடிப்பில் ஏறக்குறைய நூறு ஆஸ்திரியர் இறந்தார்கள், எஞ்சியவர்கள் பிடிபட்டார்கள். உச்சியை அடுத்த முகடு ஆஸ்திரியர் கையிலேயே இருந்ததால் இத்தாலியப் படையால் அங்கிருந்து மேற்கொண்டு நகர முடியவில்லை.

கோர்வாராவில் நான்கு மணிக்குள் இருந்தால் கோல் ஆல்தோ ஏறி, பிரலோஞ்சா வழியே சான் காசியானோவுக்குச் சறுக்கலாம். தாண்டிவிட்டால் ஊர்ப் பேருந்துதான். மேட்டுநிலத்தில் லிஃப்ட் நின்றபின் மாட்டிக்கொண்டால் சமதளத்தில் தள்ளித் தள்ளி நடக்க வேண்டியதாகிவிடும்.

திட்டம் கெட்டால்

காலையில் மர்மொலாதா காற்றால் மூடியிருக்கிறது என்று தெரிந்தால் சுற்றைக் கைவிட்டு, பாதிப்பயணம் செய்யுங்கள். லகட்சுவோய், சிங்க்வே தோர்ரி, அவெராவில் நிதானமாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு, மீண்டும் லகட்சுவோய், அங்கிருந்து காலையில் தவிர்க்கச் சொன்ன அதே இடப்பக்கத் தடத்தில் அர்மெந்தரோலா. உறைந்த அருவிகளை ஒட்டி இறங்கும் இந்தத் தடத்தின் முடிவில் நிலம் சமதளமாகிவிடும். அங்கே குதிரைகள் பூட்டிய வண்டி நின்றுகொண்டிருக்கும், பின்னால் நீண்ட கயிறு. இருபது முப்பது பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குதிரைகள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும்.

மல்கா சாப்பெலாவில் மாட்டிக்கொண்டால் டாக்சி ஒன்றே வழி, தொகை பெரியது. நாலைந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். நிலையத்தில் அதே நிலைமையில் இன்னும் சிலர் நிற்பார்கள். அடிபட்டால் 112. தடத்தின் ஓரக் கம்புகளில் தட எண்ணும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். அவற்றைச் சொன்னால் மீட்புக்குழு நேராக வந்துவிடும். விழுந்தவருக்கு மேலே பத்து மீட்டரில் இரண்டு ஸ்கீகளைக் குறுக்காக நட்டுவையுங்கள். பூட்ஸைக் கழற்றாதீர்கள், வீங்கிய காலில் அதைத் திரும்ப மாட்ட முடியாது.